வருவேன் என்ற சொல்லுக்கு யார் சாட்சி?

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, யாரும் ஆட்சேபிக்கவில்லை, தாள்கள் எல்லாம் சரி. ஆனாலும் அதோடு கல்யாணம் முடிந்துவிடாது. ஆணும் பெண்ணும் பதிவு அலுவலர் முன்னிலையில், மூன்று சாட்சிகள் காதில் விழ, தங்களுக்குப் புரிகிற ஏதாவது ஒரு மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்றுக்கொள்வதாக வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது செல்லும். இத்தனை தாள்களைக் கேட்கும் ஒரு சட்டம், கடைசியில் மனிதரின் வாய்ச்சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நானும் என் மனைவியும் ஓசூரில் அப்படிச் சொல்லித்தான் தம்பதியானோம். நான் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். அவள் பருத்தித்துறைக்காரி, இலங்கைக் குடிமகள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் என் தாய்மாமா. இன்னொருவர் என்னோடு ஷிப்ட் பார்க்கும் கன்னடக்காரர். மூன்றாமவர் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். பதிவு முடிந்து மலைமேல் சந்திரசூடேஸ்வரர் கோயிலில் தாலி கட்டினேன். அவளுக்கும் எனக்கும் மொழி ஒன்று, சாமி ஒன்று, தேவாரம் ஒன்று. பாஸ்போர்ட் மட்டும் வேறு.

அவளுடைய அக்கா ஐரோப்பாவில் இருக்கிறார். அக்கா மகளுக்குச் சாமத்திய வீடு, நம் பக்கத்து மஞ்சள் நீராட்டு, வைத்திருந்தார்கள், கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றாகவே சுற்றுலா விசாவுக்குப் போட்டோம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, போகவர டிக்கெட், என் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கல்யாணப் பதிவுச் சான்று, அக்கா அங்கிருந்து அனுப்பிய பொறுப்புக் கடிதம் எல்லாம் ஒரே கட்டில் போயின. எனக்கு விசா வந்தது, அவளுக்கு வரவில்லை. அவளுடைய பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அச்சடித்த காரணங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு கட்டத்தில் டிக். விசா முடியும் முன் நீங்கள் வெளியேறிவிடுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். 2009-இல் வந்த ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 32-ஆம் பிரிவில் உள்ள காரணம் அது. அமெரிக்கா இன்னும் வெளிப்படை. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214 பி பிரிவு, சுற்றிப் பார்க்க வருகிறேன் என்பவரையும் குடியேற வருபவர் என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டுவது வருகிறவர் பொறுப்பு.

ஓசூரில் விசா ஏஜெண்டிடம் போய்க் கேட்டோம். நல்ல மனிதர். பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம் பேர்ல வேலை இல்ல, வீடு இல்ல, நிலம் இல்ல. பாஸ்போர்ட் இலங்கை. இங்க இருக்கிறதே விசாவுல. திரும்பி வர்றதுக்குக் காரணம்னு காட்ட நீங்க ஒருத்தர்தான், நீங்களும் கூடப் போறீங்க. அடுத்த வாட்டி அவங்க மட்டும் போகட்டும் சார். பாப்பாவ இங்க விட்டுட்டுப் போறதாப் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்."

எங்கள் மகளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள்: "பிள்ளையை ஈடு வைச்சிட்டோ நான் போறது?"

அவர் தொழில் அனுபவத்தில் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் சொன்னதிலுள்ள கணக்கைப் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து இருப்பது சந்தேகத்துக்கு இடம், பிரிந்து இருப்பது நம்பிக்கைக்கு ஆதாரம். கல்யாணம் உண்மை என்று நிரூபிக்கச் சான்று கேட்கிறார்கள். நிரூபித்த பிறகு, அந்தக் கல்யாணத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை இங்கே பிணையாக வைக்கத் தோதாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

என் வேலையே அளப்பதுதான். துளை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க பிளக் கேஜ் வைத்திருப்போம். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. மறுமுனையும் போய்விட்டால் சிவப்பு டேக் கட்டி ரிஜெக்ட் டப்பாவில் போட்டுவிடுவோம். அதில் வாதத்துக்கு இடமில்லை, ஏனென்றால் துளை ஏற்கெனவே போட்டாயிற்று. இன்னும் போடாத துளையை எந்த கேஜாலும் அளக்க முடியாது. என் மனைவி திரும்பி வருவது இன்னும் நடக்காத காரியம். அவளிடம் வேறு எதை அளந்தார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் மாமனார் யாழ்ப்பாணத்தில் சைவப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஆறுமுக நாவலர் பதிப்பித்துக் கொடுத்த நூல்களில் வளர்ந்த தலைமுறை. போனில் விஷயத்தைச் சொன்னதும் ஆறுதலாக ஒன்றும் சொல்லாமல் நேரே சிவஞான சித்தியாருக்குப் போய்விட்டார். அருணந்தி சிவாச்சாரியார் அந்த நூலில் பதியையும் உயிரையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளவையைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்பதைத் தீர்த்துவிட்டுத்தான் எதை அறிகிறோம் என்ற பேச்சு. அளவைகள் பலவாகச் சொல்லப்பட்டாலும் முடிவில் மூன்றில் அடங்கும்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது ஒன்று. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது ஒன்று. நம்பத்தக்கவர் சொல்ல அறிவது ஒன்று.

இன்னொருவர் மனத்தில் உள்ள எண்ணம் காண்டலுக்கு எட்டாது. அதனால் அதிகாரி கருதலுக்குப் போகிறார். வேலை இல்லை, நிலம் இல்லை, முன்பு இந்த வகைப் பாஸ்போர்ட்டில் வந்த சிலர் திரும்பவில்லை. ஆகவே இவரும் திரும்பமாட்டார். புகையும் நெருப்பும் என்றைக்கும் சேர்ந்தே இருக்கும். நிலம் இல்லாதவளும் திரும்பாதவளும் அப்படிச் சேர்ந்தே இருப்பவர்கள் அல்லர். மிஞ்சுவது உரை. சித்தியாரில் உரை என்பது முதலில் இறைவனின் வாக்கு, குற்றமற்றவன் சொல். மனிதர் சொல்லை அதன் பக்கத்தில் வைக்கலாமா என்று மாமனாரிடம் கேட்டேன். "வைக்கேலாது. ஆனால் மனுசர் சொல்லைக் கேளாமல் விட்டால், மனுசரை அறியிறதுக்கு வேற வழியும் இல்லை" என்றார்.

அவர்தான் சாட்சி பற்றிய இரண்டு கதைகளை ஞாபகப்படுத்தினார்.

முதலாவது, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64-ஆவது படலம். மதுரை வணிகன் ஒருவன், பெற்றோரை இழந்த தன் மாமன் மகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். வழியில் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் பாம்பு கடித்து இறக்கிறான். அங்கிருந்த ஞானசம்பந்தர் அவனை உயிர்ப்பிக்கிறார். அந்தப் பெண்ணை இங்கேயே மணந்துகொள் என்கிறார். ஊரில்லை, உறவில்லை. ஒரு வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமும் சாட்சியாகக் கல்யாணம் நடக்கிறது. மதுரைக்கு வந்து வருஷங்கள் போகின்றன. ஒருநாள் அவனுடைய மூத்தாள் சண்டையில் இளையாளைக் கேட்கிறாள்: நீ என்ன கல்யாணம் செய்தவளா, யார் சாட்சி? வன்னியும் கிணறும் லிங்கமும் என்கிறாள் இளையாள். அப்படியானால் அவை இங்கே வரட்டும் என்கிறாள் மூத்தாள். இளையாள் சோமசுந்தரரிடம் போய் அழ, மூன்றும் மதுரைக்கு வந்து நின்றன. திருப்புறம்பியத்துச் சாமிக்குச் சாட்சிநாதர் என்றே பெயர்.

இரண்டாவது நேர் எதிர். திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட நீலி, பேயாக வந்து, அவனுடைய மனைவி நான் என்று ஊர்ச்சபையில் நிற்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். இறக்கிவிட்டதும் குழந்தை அவனிடம் ஓடி அப்பா என்கிறது. இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? இவள் பேய், என் உயிர் போய்விடும் என்று அவன் கதறுகிறான். உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது வேளாளர் வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சேக்கிழார் வரை அந்த ஊரின் வாய்மையைப் போற்றியிருக்கிறார்கள்.

ஒரு கதையில் தாளே இல்லாத உண்மைக் கல்யாணம். இன்னொன்றில் ஆதாரம் முழுதாக உள்ள பொய்க் கல்யாணம். தாளுக்காகக் கல்யாணம் செய்கிறவர்கள் இன்றும் உலகத்தில் இருக்கிறார்கள். அரசாங்கம் எச்சரிக்கையாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பொய்யும் தவறும் தலையெடுத்த பிறகே திருமணச் சடங்குகளை வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் கற்பியலில் சொல்லியிருக்கிறது. கரணம் என்ற அந்தச் சடங்கு பிறந்ததே நம்பிக்கை குறைந்ததால்தான். எங்கள் ஊரில் அது கண்ணுக்குத் தெரியும். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே தினமும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு மாநில எல்லைக் கோடு இருப்பதே நினைவில் இருக்காது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பஸ் நின்று, ஜனம் மூட்டை முடிச்சோடு அந்த வழியை நடந்து கடந்தது. 2020-இல் அதே இடத்தில் இ-பாஸ் கேட்டார்கள். பயம் வரும்போது எல்லை தலைதூக்கும். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

எனக்கு அந்தக் கதைகளில் பெரிதாகத் தெரிவது சாட்சிகள் செய்த காரியம். வன்னியும் கிணறும் லிங்கமும் கல்யாணத்தைப் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. கூப்பிட்டபோது தம் இடத்தை விட்டு வந்தன. எழுபது பேர் ஆதாரத்தைத் தப்பாக எடை போட்டார்கள், ஆனால் தீர்ப்பின் விளைவைத் தாங்களே சுமந்தார்கள். சாட்சி என்றால் எனக்கு அதுதான்: ஒரு சொல் பொய்த்தால் தானும் இழக்கத் தயாராக அதன் பக்கம் நிற்பது. கடவுள் சாட்சியாக என்று நாம் சொல்லும்போது அந்த அளவுக்கு ஒருவன் நம் பக்கம் நிற்கிறான் என்றுதான் நம்புகிறோம். கட்டத்தில் டிக் போட்ட கைக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் இழப்பில்லை. தப்பாக மறுத்தால் சாமத்திய வீட்டில் ஒரு சித்தி இல்லாமல் போவாள், அது அங்கே யார் கணக்கிலும் வராது.

சோதிக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஓசூரிலிருந்து சூளகிரி போகிற பக்கம் தொரப்பள்ளி இருக்கிறது. 1878-இல் ராஜாஜி பிறந்த ஊர், அந்த வீடு இப்போது நினைவில்லம். அவர் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாசும் மணக்க விரும்பியபோது சாதி வேறு, பிரதேசம் வேறு, தாய்மொழி வேறு. இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்து ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஐந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருங்கள், அதற்குப் பிறகும் இதே மனம் இருந்தால் சம்மதம். இருவரும் காத்திருந்தார்கள். 1933 ஜூன் மாதம் புனாவில், இரண்டு தகப்பன்மாரின் ஆசியோடு கல்யாணம் நடந்தது. கடினமான சோதனைதான். ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது. இதைச் செய்தால் இது கிடைக்கும் என்று சோதித்தவர்கள் வாக்குக் கொடுத்து, அந்த வாக்குக்குத் தாங்களும் கட்டுப்பட்டார்கள். இந்தியக் குடிமகனை மணந்த வெளிநாட்டவருக்கு ஓசிஐ அட்டை தர நம் சட்டமும் பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் காத்திருந்தோம், விண்ணப்பம் போட்டிருக்கிறோம், எனக்கு அதில் வருத்தமில்லை. நியாயமான சந்தேகம் என்பது அப்படியல்ல. எந்தத் தாளை வைத்தால் அது தீரும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் உள்ளத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தாளால் தீர்க்க முடியாது என்பதால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

வருவேன் என்பது நாளை மழை வரும் என்பதைப் போன்ற பேச்சல்ல. மழைக்கு நான் பொறுப்பில்லை, ஆதாரத்தைப் பார்த்துச் சொல்லலாம், தப்பலாம். வருவேன் என்று ஒருத்தி சொல்லும்போது தன் வருகையைத் தானே உண்டாக்கத் தொடங்குகிறாள். அதைப் புள்ளிவிவரத்தில் தேடுவது, சொன்னவளை ஆளாகவே கொள்ளாமல் விடுவது. கல்யாணமும் இதே வகைதான். பதிவு அலுவலகத்தில் என்னை ஏற்பதாக அவள் சொன்னபோது, நான் கடைசிவரை எப்படி இருப்பேன் என்பதற்கு அவளிடம் என்ன ஆதாரம் இருந்தது? கடல் தாண்டி வந்த பெண். என் சம்பளச் சீட்டைக்கூட அவள் பார்க்கவில்லை. என் சொல்லை எடுத்துக்கொண்டாள். மூன்று மொழிக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே ஷெங்கன் விதித்தொகுப்பு, தேவைப்பட்டால் விண்ணப்பதாரரை நேரில் அழைத்துப் பேசலாம் என்று தூதரகங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. இவளை யாரும் அழைக்கவில்லை. சாமத்திய வீடு முடிந்துவிட்டது, படங்கள் வாட்ஸாப்பில் வந்தன. அக்கா வீட்டுக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்று மறுபடி விண்ணப்பம் தயார் செய்கிறோம். ஏஜெண்ட் சொன்ன யோசனை வேண்டாம் என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். நான், அவள், மகள் மூவரும் சேர்ந்தே போடுகிறோம். முகப்புக் கடிதத்தை அவளே எழுதுகிறாள். என் பெயரில் நிலம் இல்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறாள். என் குடும்பத்தோடு இன்ன தேதிக்குள் ஓசூர் திரும்புவேன், இதைப் பற்றி என்னிடம் என்ன கேட்க வேண்டுமானாலும் தயவுசெய்து என்னை நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று முடித்திருக்கிறாள்.