சிறுவர் நூலில் துயரத்திற்கு இடமுண்டா?

சிறுவர்க்கு எழுத முன்வரும் ஒவ்வொருவரும் என்றேனும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. உலகின் கொடுமையைப் பிஞ்சு உள்ளத்திடம் கூறலாமா, கூடாதா? "காலம் வரும்போது வாழ்க்கையே கற்பிக்கும், அதுவரை பிள்ளைகள் சிரித்திருக்கட்டுமே!" என்பார் பலர். பெற்ற மனத்தின் பரிவிலே பிறந்த சொல் இது, எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆயினும், அது முழு உண்மைதானா என்று நாம் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆராய்வதற்கு ஏற்ற இடம் சிவகாசியை ஒட்டியுள்ள விஸ்வநத்தம். அங்கும் சுற்றுப்புற ஊர்களிலும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் சோறு போடும் தொழில்கள். 1923-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். வானம் பார்த்த பூமிக்கு அதனால் வாழ்வு கிடைத்தது. ஆனால் அந்த வாழ்வின் நிழலில், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்னஞ்சிறு விரல்கள் நெடுங்காலம் உழைத்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சிவகாசியிலிருந்துதான் 1972 முதல் முத்து காமிக்ஸ் வெளிவரலாயிற்று. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி தமிழ்ச் சிறுவர்களின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டான். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் மறைந்து விடுவான். இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தால், தீப்பெட்டி ஒட்டிய பிள்ளையின் நிலையும் அதுவேயன்றோ! ஊரார் கண்ணுக்கு அதன் கை தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. மாயாவியின் கதை குற்றமுடையது என்பதன்று என் வாதம். விளையாட்டும் வியப்பும் பிள்ளையின் உரிமை. அவை மட்டுமே போதுமா என்பதே வினா. மருந்து கலக்கும் அறைக்குத் தாய் போயிருக்க, மாலையில் வாசலைப் பார்த்து நிற்கும் குழந்தைக்கு அச்சம் என்பது நூல் படித்துத் தெரிந்துகொள்ளும் பொருளா?

இவ்விடத்தில் எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் பணியை நினைவுகூர்வது தகும். ஆட்டிசம் உள்ள மகனை வளர்க்கும் தந்தை அவர். அந்த அனுபவத்தை 'எழுதாப் பயணம்' என்னும் நூலாக்கினார். 'துலக்கம்' என்னும் நாவலும் ஆட்டிசத்தைப் பற்றியதே. பிறர் பேசத் தயங்குவதைப் பேசும் அப்பழக்கத்தையே சிறுவர் இலக்கியத்திற்கும் அவர் கொண்டுவந்தார். 2020-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற அவருடைய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பெரியவர்கள் சிலரால் பிள்ளைகளின் உடலுக்கு நேரும் தீங்கினைப் பற்றிய நாவல். நம் வீடுகளில் அப்பேச்சை எடுத்தாலே குரல் தாழ்ந்து விடும். அவரோ அதனை ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் வாயில் வைத்தார். பொம்மை பேசுகிறது என்றதும் குழந்தை அஞ்சுவதில்லை. அருகில் வந்து கேட்கிறது. வியப்பும் உண்மையும் பகைப்பொருள்கள் அல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

"இவற்றையெல்லாம் சொன்னால் குழந்தையின் களங்கமின்மை கெட்டுவிடாதா?" என்று கேட்கலாம். மௌனம் யாரைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். தனக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொல்லில்லாத பிள்ளை தனித்து நிற்கிறது. தீங்கு செய்தவனோ அந்த மௌனத்தில் நிம்மதியாக உறங்குகிறான். களங்கம் அறிவதில் இல்லை, செய்தவனிடத்தில் உள்ளது.

எனினும், உண்மையைச் சொல்வதற்கும் ஓர் எல்லையுண்டு. "எச்சரிக்கையாய் இரு" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கைகழுவி விடுவார்களாயின், அந்நூல் பாதுகாப்பன்று, பாரம். 1996 தீர்ப்பின் நீதி இங்கே வழிகாட்டும். சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாயை நல நிதிக்குச் செலுத்துமாறு அது முதலாளிக்குத்தான் ஆணையிட்டது. பொறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பொறுப்பை வைத்தது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. ஆகவே, சிறுவர் நூல் தர வேண்டியது வாய் திறக்கும் துணிவையும், துணை உண்டு என்னும் நம்பிக்கையையும். பரிகாரம் தேடுவது நம் கடமை.

அன்பர்களே! குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு நூல் வாங்கித் தருவதோடு வாப்பா, உம்மாவின் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்நூலை நாமும் படிக்க வேண்டும். படித்தபின் பிள்ளை ஏதேனும் சொல்லத் தொடங்கினால், கைவேலையை நிறுத்திவிட்டு, குறுக்கே பேசாமல், அது சொல்லி முடிக்கும்வரை செவிகொடுக்க வேண்டும். செவிகொடுக்க ஆளில்லாத வீட்டில் எத்துணை நல்ல நூலும் பேசாத மரப்பாச்சியே.