அண்டை வீட்டுக் குற்றமும் ஆள்வோரின் கையும்

நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் பொறுப்பைக் குர்ஆன் பல இடங்களில் சமூகத்தின் மீது சுமத்தியிருப்பதால், குடித்துக் கூச்சலிடுபவனையும் தெருவின் அமைதியைக் குலைப்பவனையும் கண்டும் காணாமல் போவது இஸ்லாமிய அறநூல்களில் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட செய்தியாக ஒருபோதும் இருந்ததில்லை. இப்பொறுப்பை நிறைவேற்றுவதற்கு ‘ஹிஸ்பா’ என்று பெயர். அதற்கென ஆட்சியாளர் அமர்த்தும் அதிகாரி ‘முஹ்தஸிப்’ எனப்பட்டார், சந்தையின் எடையையும் அளவையும் கலப்படத்தையும் கண்காணித்ததோடு தெருவில் ஒழுங்கு கெடாமல் பார்ப்பதும் அவர் வேலையாயிற்று. கடமையை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன மரபே, ஒருவருடைய தவற்றை அதிகாரிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற ஒரு கட்டத்தில் மட்டும் மிகவும் தயங்கி நின்றிருக்கிறது. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்றோ அலட்சியம் என்றோ கொள்வது பிழையாகும்.

அபூ தாவூதின் ஹதீஸ் தொகுப்பில், அதாவது நபிகள் நாயகத்தின் சொல்லும் செயலும் பற்றிய அறிவிப்புகளின் தொகுப்பில், இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று உள்ளது. நபித்தோழரும் பின்னாளில் எகிப்தின் ஆளுநராக இருந்தவருமான உக்பா இப்னு ஆமிரிடம் எழுத்தராகப் பணியாற்றிய துகைன் என்பவர், தம் அண்டை வீட்டார் மது அருந்துவதாகவும், தாம் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை என்றும், ஆகவே ‘ஷுர்தா’ எனப்படும் காவலர்களை அழைக்கப்போவதாகவும் கூறுகிறார். உக்பா வேண்டாம் என்கிறார். துகைன் மீண்டும் வந்து அதையே சொல்லும்போதும் அவர் இசையாமல், பிறர் குறையைக் கண்டு அதை மறைத்தவர் உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தைக்கு உயிர் கொடுத்தவரைப் போன்றவர் என்ற பொருளில் நபிகள் நாயகம் கூறியதை நினைவூட்டுகிறார். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுச் சமூகத்தின் மிகக் கொடிய வழக்கத்தை ஒப்புமைக்கு எடுத்திருப்பதை எளிதாகக் கடந்துவிட முடியாது. தண்டிக்கும் கையில் ஒப்படைக்கப்படும் மனிதன் மண்ணுக்குள் போகிறான் என்றும், அவனை மூடி மறைப்பவர் வெளியே எடுக்கிறார் என்றும் அந்த ஒப்புமை உணர்த்துகிறது.

இவ்வாறு மறைத்தலுக்கு ‘ஸத்ர்’ என்பது கலைச்சொல். குற்றத்தை நியாயப்படுத்துவதோ குற்றவாளிக்குத் துணைபோவதோ ஸத்ர் ஆகாது. அறிவுரை சொல்லும் கடமை அப்போதும் எஞ்சியே நிற்கிறது. தவறு செய்த மாயிஸ் என்பவரை நபிகளிடம் சென்று ஒப்புக்கொள்ளும்படி தூண்டிய ஹஸ்ஸாலிடம், அவரை ஆடையால் மூடியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்று நபிகள் சொன்னதாக வரும் அறிவிப்பும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

தயக்கத்தின் எல்லையை வகுக்க இம்மரபு எடுத்துக்கொண்ட அளவுகோல் வீட்டுச் சுவர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தடுக்கத்தக்க தீமைக்கு வைக்கும் நிபந்தனைகளுள் ஒன்று, துருவிப் பார்க்காமலேயே அது வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது. அடுத்த வீட்டில் யாழோசை கேட்கிறதா என்று ஒட்டுக்கேட்பதும், மது நாற்றம் வருகிறதா என்று மோப்பம் பிடிப்பதும், ஒருவருடைய ஆடைக்குள் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்ப்பதும், அவர் வீட்டில் நடப்பதை அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பதும் கூடாதென்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். குடித்தவர்களின் கூச்சல் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டாலோ நிலைமை வேறு. சுவரேறிக் குதித்து ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்த கலீபா உமரிடம் அந்த மனிதர், தாம் செய்த பாவம் ஒன்று என்றால், வேவு பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லாமல் நுழைந்தது என உமர் செய்தவை மூன்று என்று குர்ஆன் வசனங்களைக் கொண்டே வாதாடியதையும், கலீபா அதை ஏற்று, மனம் திருந்தும்படி மட்டும் கூறி அவரை விட்டு விலகியதையும் கஸ்ஸாலி இவ்விடத்தில் எடுத்துரைக்கிறார். ஆட்சியாளரே ஆனாலும் சுவர் சுவர்தான் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது.

சுவரைத் தாண்டி வந்த தீமையைக் கூட யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்வி இன்னும் கடினமானது. 855இல் பாக்தாதில் மறைந்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல், இத்தகைய வழக்குகளை ஆட்சியாளரிடம் கொண்டுசெல்வதை விரும்பவில்லை. சட்டம் விதித்த அளவோடு அதிகாரத்தின் கை நிற்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை. ‘மிஹ்னா’ எனப்படும் கொள்கை விசாரணையில் சிறைப்பட்டுக் கசையடியும் வாங்கிய அவருக்கு அந்தக் கையின் கனம் ஏட்டறிவாக மட்டும் இருந்திருக்க முடியாது. முறையிடுபவர் தம் சொல்லோடு தம் பொறுப்பு தீர்ந்ததென்று கருதலாகாது, அச்சொல்லால் விழும் அடியில் அவருக்கும் பங்குண்டு என்ற எண்ணமே இங்கு அடியோட்டமாக உள்ளது.

கூஃபா நகரில் இமாம் அபூ ஹனீஃபாவின் அண்டை வீட்டில் இருந்த செருப்புத் தைப்பவர் இரவுதோறும் குடித்துவிட்டு ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததாகவும், ஓரிரவு பாட்டுக் கேட்காமல் போகவே இமாம் விசாரித்து, இரவுக் காவலர் அவரைப் பிடித்துச் சென்றதை அறிந்து, ஆளுநரிடம் தாமே போய் அவரை விடுவித்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதன்பின் அந்த மனிதர் குடியை விட்டார் என்பது கதையின் முடிவு. ஒலியால் துன்புற்றவரே அது நின்றபோது கவலைப்பட்டார் என்பதுதான் அக்கதையில் உற்று நோக்கத்தக்கது.

இந்த மென்மை எல்லாருக்கும் எப்போதும் உரியதன்று என்பதையும் அறிஞர்கள் விட்டுவிடவில்லை. ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது குறை கூறுவது பாவமாயினும் அது அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களைப் பட்டியலிட்ட இமாம் நவவி, அநீதிக்கு ஆளானவர் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதையே முதலில் வைக்கிறார். பிறருக்குத் தீங்கு செய்வதில் பேர்போனவரை மறைத்துக் காக்க வேண்டியதில்லை என்றும் அவர் விளக்குகிறார். சுவர் குறித்த விதிக்கும் சட்ட அறிஞர் மாவர்தி ஒரு விலக்குத் தருகிறார்: ஒருவரைக் கொல்வதற்காக வீட்டுக்குள் தனியே கொண்டுசென்றிருப்பதாக நம்பத்தகுந்தவர் தகவல் தந்தால், பிறகு ஈடுசெய்ய முடியாத தீங்கு என்பதால், அங்கே வேவு பார்ப்பதும் உள்ளே நுழைவதும் கூடும். நவவியும் மாவர்தியும் ஷாஃபிஈ சட்ட மரபினர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றப்படும் மரபும் அதுவே.

வீட்டுக்குள் அடிபடும் பெண்ணையும் குழந்தையையும் பார்த்து வாய்மூடி இருப்பதற்கு ஸத்ர் என்று பெயர் சூட்டுபவர்கள், மூடப்படுவது தவறு செய்தவரின் மானமா, துன்புறுபவரின் வாயா என்று கேட்டுக்கொள்ளத் தவறுகிறார்கள். அத்தகைய வீட்டிலிருந்து வழக்கமாகக் கேட்கும் அழுகுரல் ஓரிரவு கேட்காமல் போனால், அபூ ஹனீஃபாவைப் போலவே பக்கத்து வீட்டார் எழுந்து ஆளுநரின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, காவலர்களை அழைத்து வருவதற்காக.