இன்றைய கைக்கு எட்டும் வண்டி

முதன்முதலாக நான்கு சக்கரக் குவாட் பைக் வாங்கப் போகிறவர் யாரிடம் யோசனை கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எடுக்கிறதுதான் எடுக்கிறே, கொஞ்சம் பெரிசாவே எடு. 250 சிசி எடுத்தா ஆறு மாசத்துல அலுத்துப்போயிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு ஒரு சுற்றுப் பெரிதாகச் சட்டை எடுப்பது நம் வீட்டு வழக்கம். சட்டை தொளதொளவென்று தொங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. பிள்ளை வளர வளரச் சரியாகிவிடும். வண்டி அப்படிக் காத்திருக்காது. ஏறி உட்கார்ந்த முதல் நாளே தன் முழு பலத்தையும் காட்டிவிடும்.

குவாடின் சீட்டைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான குவாட்கள் ஒருவர் மட்டுமே ஓட்டிச் செல்ல வேண்டியவை. ஆனாலும் சீட் இருவர் உட்காரும் அளவுக்கு நீளமாக இருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும், ஏற்றக் கூடாது. அந்த நீளம் ஓட்டுகிறவர் நகர்வதற்காக விடப்பட்டது. மேட்டில் ஏறும்போது முன்னால் நகர்ந்து குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். வளைவில் உடம்பை உட்பக்கம் சாய்க்க வேண்டும். 250 சிசி ஸ்போர்ட் குவாட் ஏறத்தாழ 170 கிலோ இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் ஏறினால் மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் அவர்தான். வண்டி எந்தப் பக்கம் சாயும், எந்தச் சக்கரம் தரையைப் பிடிக்கும் என்பதையெல்லாம் அவர் உடம்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 700 சிசி பண்ணைக் குவாட் 300 கிலோவைத் தொடும். அதே மனிதரின் பங்கு அங்கே ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வண்டி கனக்கக் கனக்க, ஓட்டுகிறவரின் பேச்சு அதனிடம் எடுபடாமல் போகிறது.

பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பைக் தடுமாறினால் கால் தானாகப் போய்த் தரையில் ஊன்றும். குவாடில் அப்படி ஊன்றிய காலின் மேல் பின்சக்கரம் ஏறிவிடும். வளைவில் பைக் நம்மோடு சேர்ந்து உள்ளே சாயும். குவாட் சாயாது, வேகம் மிஞ்சினால் வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். ஸ்போர்ட் குவாட்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருந்தும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஹேண்டில்பாரைத் திருப்பிய பிறகும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஆக்சிலேட்டரைக் கையால் முறுக்குவதும் இல்லை, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். குண்டு குழியில் வண்டி தூக்கிப்போடும்போது பதறிப் பிடியை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்திவிடும். நிறுத்த நினைத்த நேரத்தில் வண்டி பாயும். சின்ன வண்டியில் அந்தப் பாய்ச்சல் ஒரு திடுக்கிடலோடு போகலாம். பெரிய வண்டியில் சுதாரிக்கவே நேரம் இருக்காது.

இதையெல்லாம் உலகம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது மூன்று சக்கர வண்டி. உப்பலான, காற்றழுத்தம் குறைந்த டயர்களோடு அது மணலிலும் சேற்றிலும் பனியிலும் ஓடியது. 1980-களின் தொடக்கத்தில் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. விபத்துகள் பெருகின, பலியானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 1988-ல் அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் நிறுவனங்களும் நீதிமன்றத்தின் மூலம் செய்துகொண்ட உடன்பாட்டில், புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 90 சிசிக்கு மேற்பட்டவை 16 வயது நிரம்பாதவர்களுக்கு ஏற்றவை இல்லை என்ற வரம்பும் வந்தது. ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் குவாட் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். 2020 அக்டோபரிலிருந்து அங்கே விற்பனைக்கு வரும் புதிய பண்ணைக் குவாட் ஒவ்வொன்றிலும், பக்கவாட்டில் எத்தனை டிகிரி சாய்ந்தால் அது கவிழத் தொடங்கும் என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். அடுத்த ஆண்டு, கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் நசுங்காதபடி காக்கும் சட்டகமும் கட்டாயமானது.

வண்டியின் எல்லையை அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிடலாம். ஓட்டுகிறவரின் எல்லையை எழுதித் தர யாரும் இல்லை. அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. நிறுத்திவைத்த வண்டியில் ஏறிக் கால்மிதியில் எழுந்து நில்லுங்கள். உடம்புக்கும் சீட்டுக்கும் நடுவே மூன்று முதல் ஆறு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை ஒரு ஓரம்வரை திருப்புங்கள். வெளிப்பக்கக் கை பிடியை விடாமல் எட்டுகிறதா? மறு ஓரத்துக்குத் திருப்பினாலும் கட்டைவிரல் ஆக்சிலேட்டரில் இருக்கிறதா? பிரேக்கைத் தேடாமல் காலும் விரலும் போய்ச் சேருகின்றனவா? ஆசை எதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லும். கையும் காலும் உண்மையைச் சொல்லிவிடும். சின்ன வண்டியால் மிச்சமாகும் பணம் நல்ல ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் முறையான பயிற்சிக்கும் போகட்டும்.

"பெரிசாவே எடு" என்கிற யோசனை யாரை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது? அடுத்த வருடம் நன்றாக ஓட்டப்போகிற ஒருவரை வைத்து. அவர் இன்னும் வந்து சேரவில்லை. சாவியைக் கையில் வாங்கி முதல் மேட்டில் ஏறப்போகிறவர் இன்றைக்கு இருக்கிற ஆள். அவரிடம் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. கத்துக்குட்டி என்று நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்று அவரை மறைத்துக்கொண்டு, தேர்ந்தவருக்கு உரிய வண்டியில் உட்காருகிறோம். பயத்தில் உடம்பு விறைத்துப்போகிறது. விறைத்த உடம்பு நகராது. நகராத உடம்பால் குவாடை ஓட்ட முடியாது. தன் கைக்கு அடங்கிய வண்டியில் இருப்பவரோ கொஞ்சம் சறுக்கிப் பார்க்கிறார், திருத்திக்கொள்கிறார், அடுத்த வளைவில் இன்னும் சற்றுத் துணிகிறார். ஆறு மாதத்தில் அலுத்துப்போகும் என்கிறார்களே, அலுக்கட்டும். கற்றுக்கொடுக்க வேண்டியதை அந்த வண்டி கொடுத்து முடித்துவிட்டது என்பதற்கு அந்த அலுப்பே அடையாளம். விற்றுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

படிப்பில், தொழிலில், தலையில் ஏற்றிக்கொள்ளும் பொறுப்பில் எல்லாம் நாம் இதையே செய்கிறோம். ஆகப்போகிற ஆளை எண்ணி, இருக்கிற ஆளை மதிக்காமல் விடுகிறோம். ஆனால் ஆகப்போகிறவரைக் கொண்டுவந்து சேர்க்க வேறு யாரும் இல்லை, இருக்கிறவர்தான் உண்டு. தன் இன்றைய அளவைக் கூசாமல் ஒப்புக்கொள்கிற இடத்தில்தான் வளர்ச்சி கால் வைக்கிறது. முதல் வண்டியை இன்றைய உங்களுக்காக எடுங்கள். நாளைக்கு வரப்போகிறவரை இவர் பார்த்துக்கொள்வார்.