நாளுக்கு ஒரு தோட்டம் போதும்
கலிஃபோர்னியாவின் சொனோமா கடற்கரைக்கு உறவும் நட்புமாக இரண்டு நாள் கிளம்புகிறவர்கள், நாளுக்கு ஒரே ஒரு திராட்சைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அங்கே ஒயினுக்கான பினோ நுவார் திராட்சை நிதானமாகப் பழுப்பதற்குக் காரணம் பசிபிக்கிலிருந்து ஏறிவரும் குளிர்ந்த மூடுபனி. கோடையில் அதே பனிதான் கடலோரத்து 1ஆம் எண் நெடுஞ்சாலையின் வளைவுகளை மூடி, வரைபடத்தில் பக்கமாகத் தெரியும் ஊரையும் தொலைவாக்கிவிடுகிறது. பல தோட்டங்களில் முன்பதிவு வேண்டும். ஒன்றில் தாமதமானால் அடுத்ததும் கைநழுவும்.

இவ்வளவு தூரம் வந்து இரண்டே தோட்டமா என்பார்கள். நியாயமான ஏக்கம்தான். ஆனால் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே மது கிடையாது. வண்டி ஓட்டுபவரும் தொடாமல் இருப்பதே சரி. நான்கு தோட்டம் என்றால் இவர்களுக்கு நான்கு முறை வெறும் காத்திருப்பு. அந்த நேரத்தில் ரஷ்யன் ஆறு கடலில் கலக்கும் ஜென்னரில் எல்லோருமாகச் சீல்களைப் பார்க்கலாம். 1812இல் ரஷ்யர்கள் எழுப்பிய ஃபோர்ட் ராஸ் கோட்டைக்குப் போகலாம். ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட் காட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்தே நடக்கலாம். செப்டம்பரில் போனால் பனியும் பெரும்பாலும் குறைந்திருக்கும், அறுவடையையும் பார்க்கலாம்.