துருவும் தேய்மானமும்

மைசூரில் எங்கள் அண்டை வீட்டார் குடகர். ஆண்டுதோறும் செப்டம்பர்த் தொடக்கத்தில், நாற்று நடவு முடிந்தபின் வரும் கைல்போது விழாவிற்குத் தம் மூதாதையர் இல்லத்திற்குச் செல்வார். அன்று துப்பாக்கியும் வாளும் பூசையில் வைக்கப்பெறும்; துப்பாக்கிக் குழலின் வாயில் ஒரு மலரைச் செருகுவர். அதனை அவர்கள் 'தோக்குப்பூ' என்பர். தோக்கு என்றால் துப்பாக்கி. நம் சங்கப் புலவர் போற்றிய காந்தளே அம்மலர் என்று அறிந்தபோது நான் அடைந்த வியப்புச் சிறிதன்று.

அவர்களுக்குத் துப்பாக்கி வேட்டைக் கருவி மட்டுமன்று. ஆண்மகவு பிறந்தால் ஒரு வெடி; இறப்பு நேர்ந்தால் அடுத்தடுத்து இரு வெடி. உரிமம் பெறுவதினின்று அவர்கட்குள்ள விலக்கு ஆங்கிலேயர் காலத்தது. 2019-இல் அது மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கும் மகனுக்கும் ஒரு வழக்கு மூண்டது. பாட்டனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி கருநீல நிறம் இழந்திருந்தது. கையிற் சுமந்து செல்லும்போது பிடிக்குமிடம் வெள்ளை வெளேரென்று தேய்ந்து, அங்குச் செதுக்கிய பறவைகள் மங்கியிருந்தன. ஓரிரு இடங்களில் துரு. விழாவிற்குள் அதனைப் புதியதாக்க வேண்டும் என்றான் மகன். கூடாது என்றார் தந்தை. துப்பாக்கியைத் தொட்டும் அறியாத என்னிடம் இருவரும் நியாயம் கேட்டனர்!

உரிமம் பெற்ற தொழிலாளி ஒருவர் கூறியதைக் கேட்டபின்பே எனக்குச் சிறிது தெளிவு பிறந்தது. அக்கருமை வண்ணப்பூச்சன்று; இரும்பின் துருவேதான். மெல்லிய அமிலக் கலவையைத் தடவி, ஈரக்காற்றில் செந்துரு ஏறவிட்டு, கொதிநீரில் இட்டால் அது கருந்துருவாக மாறும். மேலே படிந்த தூளைத் துடைத்தெடுத்து, மீண்டும் மீண்டும் பல நாள் இவ்வாறே செய்தல் வேண்டும். கொதிக்கும் காரச்சோடாக் கரைசலில் விரைவாகக் கருமை ஏற்றும் முறையும் உண்டு. ஆனால் இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்றை அது அரித்துவிடக்கூடும். எம்முறையாயினும் முதலில் பரப்பைத் தேய்த்து மெருகிட்டாக வேண்டும். தேய்க்குந்தோறும் இரும்பு சிறிது போகும். செதுக்கு வேலை போகும். பொறித்த எண்ணும் மங்கும். எண்ணை அழிப்பதோ 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றம்.

துருவும் தேய்மானமும் ஒன்றல்ல. துரு நம் அசட்டையால் வருவது. அதை நீக்குவது கடமை. தேய்மானம் ஒருவர் கை பழகியதால் வருவது. ஆகவே தந்தையின் பக்கமே தீர்ப்புச் சொல்ல எண்ணினேன். உடனே ஓர் ஐயம் எழுந்தது. பாட்டனார் உயிரோடிருந்தால் நிறம் போனதும் தயங்காமல் கருமை ஏற்றியிருப்பாரே! தேய்மானத்தை வணங்குவது, கருவியைப் பயன்படுத்தாத நம் போன்றோரின் மனவெழுச்சி அன்றோ?

என் அன்னையின் பித்தளை அண்டா நினைவிற்கு வந்தது. அதில் வெட்டியிருந்த அவர் பெயர், நாற்பதாண்டுப் புளியாலும் சாம்பலாலும் தேய்ந்து, இறுதியில் ஈரெழுத்தே எஞ்சியிருந்தது. மைசூருக்குக் குடிபெயர்ந்தபோது அதனை எடைக்குப் போட்டு எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கினேன். அன்னை ஒன்றும் சொல்லவில்லை. தம் பெயரைத் தாமே தேய்த்தவர் அவர். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. எஞ்சிய ஈரெழுத்தை எடைக்குப் போட எனக்கு அவ்வுரிமை இருந்ததா என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே நண்பரிடம் இவ்வளவே கூறினேன்: பின்வருவோர் மீட்க இயலாத எதையும் இப்போது செய்ய வேண்டா. கருமையை எந்தத் தலைமுறையும் ஏற்றிக்கொள்ளலாம். போன இரும்பை எவரும் திரும்ப ஒட்ட இயலாது. ஆனால் குழலும் பூட்டும் சேருமிடம் தளர்ந்திருந்தால் அங்குப் பரிவு காட்டலாகாது. சுடுபவன் உயிர் அதில் இருக்கிறது.

அவ்விடம் உண்மையிலேயே தளர்ந்திருந்தது. தொழிலாளி அதைச் செப்பனிட்டு, எண்ணெயிட்டு நுண்கம்பி நாரால் துருவை மட்டும் எடுத்தார். மகனுக்கு முழு மனநிறைவில்லை. கிழத் துப்பாக்கி கிழத் துப்பாக்கியாகவே இருக்கிறது என்று முணுமுணுத்தான். அவ்வாண்டு விழா முடிந்து திரும்பியதும் நிழற்படம் ஒன்றைக் கொணர்ந்து காட்டினான். குழலின் வாயில் காந்தள் இருந்தது. கை பற்றுமிடம் வெளுத்தே இருந்தது.