சார்பெடானுக்குப் பெய்த மழை

டிராய் நகரத்து மதிலுக்கு வெளியே இரண்டு வீரர்கள் தேரிலிருந்து குதித்து எதிரெதிரே வருகிறார்கள். ஒருவன் கிரேக்கர்களின் மாவீரன் அக்கிலீஸின் கவசத்தை அணிந்து வந்திருக்கும் பட்ரோக்ளஸ். மற்றவன் டிராய்க்குத் துணையாக லைக்கியா நாட்டுப் படையை நடத்தி வந்த சார்பெடான். வானையும் இடியையும் ஆளும் சீயஸுக்கு மானிடப் பெண்ணொருத்தியிடம் பிறந்த மகன் அவன். மகன் மடியப்போவது மேலிருந்து பார்க்கும் தந்தைக்குத் தெரியும். அவனை உயிரோடு தூக்கிச் சென்று சொந்த மண்ணில் இறக்கிவிடலாமா, விதித்தபடி சாக விட்டுவிடலாமா? முடிவெடுக்க முடியாமல் மனைவி ஹீராவிடம் வாய்விட்டுச் சொல்கிறான் வானரசன். ஹோமரின் இலியட் காவியத்தில், 16ஆம் காண்டத்தில் வரும் இடம் இது.

தந்தை குரோனஸை வீழ்த்தி அரியணை ஏறியவன், மனிதருக்கு நெருப்பைத் தந்த புரொமீதியஸைப் பாறையில் பிணைத்தவன், பெண்களை வஞ்சித்தவன் என்றே சீயஸ் பெரும்பாலும் நினைக்கப்படுகிறான். அதே சீயஸைத்தான் விருந்தினரின் காவலன், அடைக்கலம் கேட்டவரின் காவலன், சத்தியத்துக்குச் சாட்சி என்று கிரேக்கர்கள் வணங்கினார்கள். நீதியைக் காப்பவனே நீதிக்கு உட்பட்டவனா என்ற கேள்வி அவன் கதை முழுவதும் வருகிறது. ஆனால் மகனின் உயிரை முன்னால் வைத்து அது கேட்கப்படும்போதுதான் அதன் முழுக் கனமும் தெரிகிறது.

ஹீராவின் பதிலைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உன்னால் முடியாது என்று அவள் சொல்லவில்லை. செய்துகொள், ஆனால் நாங்கள் எல்லோரும் அதை ஒப்ப மாட்டோம் என்கிறாள். இந்தப் போர்க்களத்தில் தேவர்களின் பிள்ளைகள் பலர் நிற்கிறார்கள். நீ உன் மகனை மீட்டால் நாளை வேறொருவரும் தன் மகனை மீட்க நினைப்பார் என்கிறாள். ஹீரா டிராயின் பகைவி. சார்பெடான் சாவதில் அவளுக்கு ஆதாயம் உண்டு. அதனால் அவள் வாதம் பொய்யாகிவிடுமா? ஆகாது. சொல்பவரின் நோக்கத்தில் கறை இருக்கலாம்; சொன்ன நியாயத்தைத் தனியே எடுத்துத்தான் எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோட, காவியத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. போர்த்தேவன் ஏரிஸின் மகன் அஸ்கலபஸ் 13ஆம் காண்டத்தில் ஈட்டிபட்டு மண்ணில் விழுகிறான். தேவர்கள் யாரும் களத்தில் இறங்கக் கூடாது என்பது சீயஸின் கட்டளை. அதனால் ஏரிஸ் தேவர்கள் வாழும் ஒலிம்பஸில் பொன்மேகங்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். மகன் செத்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. பிறகு செய்தி கேட்டுத் துடையில் அறைந்துகொண்டு எழுகிறான், சீயஸின் இடி விழுந்தாலும் சரி, பழிவாங்கியே தீருவேன் என்று. தேவி ஆத்தீனா ஓடிவந்து அவன் தலைக்கவசத்தையும் கேடயத்தையும் ஈட்டியையும் பறித்து உட்கார வைக்கிறாள். இவ்வளவும் நடந்து முடிந்த பின்புதான் சார்பெடானின் முறை வருகிறது. இன்னொரு தந்தையைக் கட்டிப்போட்ட கட்டளையைத் தன் பிள்ளைக்காக மட்டும் தளர்த்தினால், அது வரையில் ஆணையாக இருந்தது வெறும் வலிமையாகச் சுருங்கிவிடும். ஏரிஸ் கொடியவன், எவருக்கும் பிடிக்காதவன். அவன் இழப்புக்கும் அதே எடை உண்டு என்று ஏற்பதுதான் இங்கே அறம். சீயஸ் மகனை மீட்காதது சரி என்பதற்கு, விதியின் பெயரைவிட ஏரிஸின் கண்ணீர் வலுவான காரணம்.

ஆனால் இந்த நேர்மையை முழுமையாகப் புகழ்ந்துவிடவும் முடியவில்லை. இதற்கு முன் இரண்டு முறை, 5ஆம் காண்டத்திலும் 12ஆம் காண்டத்திலும், சார்பெடானை நெருங்கிய சாவைச் சீயஸ் விலக்கியிருக்கிறான். அதற்கும் மேலான ஒன்று உண்டு. அன்று போர் அவ்வளவு கொடூரமாக நடந்ததற்கே காரணம் அவன் கொடுத்த வாக்கு. அவமதிக்கப்பட்ட அக்கிலீஸின் பெருமை விளங்க வேண்டும் என்று அவன் தாய் தெட்டிஸ் கேட்டாள், சீயஸ் தலையசைத்தான். அந்த அசைப்பில் விழுந்த உயிர்களுள் சார்பெடானும் ஒருவன். மகன் பட்ரோக்ளஸின் கையால் சாவான் என்பதை 15ஆம் காண்டத்தில் சீயஸே முன்கூட்டிச் சொல்கிறான். தானே வகுத்த திட்டத்துக்குத் தலைவணங்குவதை எந்த அளவுக்குத் தியாகம் என்று சொல்வது? பெயர்கூடத் தெரியாத எத்தனையோ தந்தையர் அந்தத் திட்டத்துக்குத் தங்கள் பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவன் மகனை மீட்கவில்லை. பூமியின்மேல் குருதித் துளிகளை மழையாகப் பெய்கிறான். சார்பெடான் விழுகிறான். பின்னர் தேவன் அப்பல்லோ உடலை ஆற்றில் கழுவி அமுதம் பூச, உறக்கமும் சாவும் ஆகிய இரட்டைச் சகோதரர்கள் அதை லைக்கியாவுக்குச் சுமந்து செல்கிறார்கள். கி.மு. 515 வாக்கில் யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் மது கலக்கும் மண்கலம் ஒன்றில் இந்தக் காட்சியைத் தீட்டினார். சிறகுள்ள இருவர் குனிந்து அந்தப் பெரிய உடலைத் தூக்குகிறார்கள்; காயங்களிலிருந்து இன்னும் குருதி வழிகிறது. சீயஸ் அதில் இல்லை. பிறர் உடல்கள் நாய்க்கும் கழுகுக்கும் கிடக்க, இவனுக்கு மட்டும் இந்த மரியாதை ஏன் என்று கேட்கலாம். கேட்பதும் நியாயமே. ஆனாலும் உயிரைத் திருப்பித் தருவது எல்லோருக்கும் பொதுவான நியதியை உடைக்கும். உறவினர் கையில் உடல் சேர்வது எவருடைய பங்கையும் பறிக்காது. பாசத்துக்கு இவ்வளவு இடம் விடலாம் என்றே தோன்றுகிறது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உடல் களத்தை விட்டுப் போகும் முன்பே, அதைச் சுற்றி நடக்கும் சண்டை இன்னும் கொடியதாகட்டும் என்று களத்தின்மேல் இருளை விரிக்கிறான் சீயஸ். அந்த இருளில் யார் யாரோ வெட்டுண்டு விழுகிறார்கள். உயிரைக் காக்க அனுமதிக்காத துயரம் உயிர்களை வாங்க அனுமதித்துக்கொண்டது. இதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

சார்பெடான் விழுந்த நேரத்தில் அவன் தோழன் கிளாக்கஸ் கீழே நிற்கிறான், கையில் அம்புக் காயத்தோடு. ஒலிம்பஸில் என்ன பேசப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாது. அப்பல்லோவை நோக்கி அவன் வேண்டுகிறான்: எங்கள் சிறந்த வீரன் செத்துவிட்டான், சீயஸின் மகன், அவரோ தம் சொந்தப் பிள்ளையைக்கூடக் காக்கவில்லை. காயத்தை ஆற்று, உடலைக் காக்க எனக்கு வலிமை கொடு. அப்பல்லோ குருதியை நிறுத்துகிறான். கிளாக்கஸ் ஈட்டியை எடுத்துக்கொண்டு நண்பனின் உடலை நோக்கி ஆட்களைத் திரட்டப் போகிறான்.