மலைமேல் படுப்பதெல்லாம் தவமாகுமா?

நம் சமுதாயத்து இளைஞரும் இளநங்கையரும் சிலர் இந்நாளில் விடுமுறை கிடைத்ததும் நண்பர்களுடன் கூடி மிதிவண்டிகளில் உயர்ந்த மலைகளுக்குப் புறப்படுகின்றனர். மணாலியிலிருந்து லே நகர் வரை, 5,000 மீட்டருக்கும் மேலான கணவாய்களைக் கடந்து மிதித்துச் செல்வோர் உண்டு. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் நீலகிரியிலும், கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளிலும் ஏறி இறங்குகின்றனர். இரவில் கூடாரம் அடித்துக் கட்டாந்தரையில் உறங்கி, குளிரும் பசியும் தாங்கித் திரும்புகின்றனர். பெற்றோர் சிலர், "இஃது அறத்துக்கு ஏற்றதா? வீண் கேளிக்கை அன்றோ?" என்று வினவுகின்றனர். பிள்ளைகளோ, "நம் முனிவர்களும் மலைமேல்தானே வாழ்ந்தார்கள்?" என்கின்றனர். இம்மறுமொழியை நகைத்து ஒதுக்குதல் தகாது, ஆராய்தலே நன்று.

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள சித்தன்னவாசலை அறியாத தமிழ்ச் சமணர் இலர். அறிவர் கோயிலின் ஓவியங்களைக் கண்டு திரும்புவோர் பலர். குன்றின் மீதேறி ஏழடிப்பட்டம் வரை செல்வோர் சிலரே. அங்கே இயற்கைக் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்குமிடம் தலையணைபோல் சற்றே உயர்த்திச் செதுக்கப்பட்டுள்ளது. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்து கிறித்துவுக்கு முற்பட்டது என்பர் அறிஞர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பெற்ற துறவியர் பெயர்களும் அங்குண்டு. நெடுங்காலம் தலைமுறை தலைமுறையாக அக்கல்லின் மேல் நம் முனிவர்கள் படுத்தனர்.

நம் ஆகமங்கள் கூறும் புறத்தவங்கள் ஆறனுள், தனியிடத்தில் இருத்தலும் படுத்தலும் ஒன்று; உடலை வருத்துதல் மற்றொன்று. முனிவர் பொறுக்க வேண்டிய பரீஷகங்கள் 22 என்பர். பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி, நடை, இருக்கை, படுக்கை ஆகியன அவற்றுள் அடங்கும். மலையில் கூடாரம் அடித்துத் தங்குவோர் இவற்றுள் பெரும்பாலனவற்றைத் தாமே விரும்பி ஏற்கின்றனர். அங்ஙனமாயின் அவர்க்கும் முனிவர்க்கும் வேறுபாடு யாது?

"நோக்கம் வேறு, இவர் நாடுவது இன்பம், அவர் நாடியது வீடு" என்று எளிதில் விடை கூறிவிடலாம். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அது போதாது. பயன் கருதிச் செய்யும் தவத்தை 'நிதானம்' என்னும் முள்ளாக நம் நூல்கள் எண்ணுகின்றன. புகழுக்காகவோ மறுமை இன்பத்துக்காகவோ ஒரு துறவி பட்டினி கிடப்பினும் அது குறையுடையதே. ஆகலின் உடல் படும் துன்பம் தன்னளவில் தவமாகாது. மலைமேல் இருப்பினும், மடத்தில் இருப்பினும், வீட்டில் இருப்பினும் இவ்விதி ஒன்றே. பிள்ளைகளின் வாதம் இவ்விடத்தில் தளர்கின்றது. பெரியோரும் இதனால் தம்மை உயர்வாக எண்ணிக்கொள்ள இயலாது. நோன்பிருந்ததை ஊரறியக் கூறி மகிழ்வோர் நம்மிலும் உளர்.

அடுத்து, பிற உயிர்களைப் பற்றிய வினா. நடக்குங்கால் நான்கு முழத் தொலைவு முன்னோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடிவைத்தல் ஈர்யா சமிதி எனப்படும். கொலையின் வேர் சோர்வும் அசட்டையுமே என்பது நம் சமயத்தின் துணிபு. மேட்டில் மூச்சிரைக்க மிதிப்பவர் மெல்லச் செல்கின்றார். வழியிலுள்ள எறும்பு வரிசையையும் அவரால் காண இயலும். அவரே பள்ளத்தில் இறங்குங்கால் வேகத்தின் களிப்பில் எதனையும் காணார். வண்டி ஒன்றே, மலையும் ஒன்றே. கவனம் மட்டும் வேறாகின்றது. பழகிய பாதையை விட்டுப் புல்வெளியில் சக்கரம் உருட்டுதல் இன்னும் கேடுடையது. இல்லறத்தார்க்கு முனிவரின் முழுவிரதம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் காணக்கூடியதைக் காணாமல் செல்ல அவர்க்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, பயனின்மை பற்றிய வினா. தேவையின்றி உயிர்களுக்குத் தீங்கு விளைப்பதை விலக்கும் அநர்த்தத்தண்ட விரதம் இல்லறத்தார்க்கு உரியது. மலைப்பயணம் பயனற்றது என்று பெற்றோர் கூறுவது இதனைக் கருதியே. ஆனால் பயன் எது என்று தீர்மானிப்பதில் நாம் பொறுமை காட்ட வேண்டும். 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். "பெண்ணுக்கு இஃது எதற்கு?" என்று ஏளனம் செய்தோரும் இருந்தனர். அப்பெண்களோ குடிநீர் கொணர்ந்தனர், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சென்றனர், பிள்ளைகளை முன்னும் பின்னும் அமர்த்திச் சென்றனர். பேருந்துக்குக் காத்திருந்த பொழுது அவர்கட்கு மிஞ்சியது. யாதொரு வேலையுமின்றி மகிழ்ச்சிக்காகவே ஓட்டியோரும் இருந்தனர். அதனைக் குற்றம் என நாம் கருதோம். அச்சம் நீங்குதல் நற்காட்சியோடு இயைந்த பண்பாகும். இன்று மலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள் பெறும் துணிவும் நட்பும் உடல்வலிமையும் பயனே ஆகும். அவற்றைப் பெறும் முறையில்தான் அறம் உளது.

முறை என்பது எல்லை வகுத்தல். இன்ன காலத்துக்கு இவ்வளவு தொலைவே செல்வேன் என்று முன்னரே வரையறுத்தல் தேசவிரதம். மலைப்பயணத்துக்கு இது மிகவும் பொருந்தும். கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல், நீரை வடிகட்டிப் பருகுதல், வகுத்த பாதையை விட்டு விலகாமை, கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொணர்தல், இரவில் இசை முழக்காமை, தீ மூட்டாமை ஆகியவற்றைப் புறப்படுமுன் உறுதி செய்யலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தீயில் மடிந்த சிற்றுயிர்களுக்குக் கணக்கே இல்லை. உலர்ந்த காட்டில் நெருப்பு எத்தகையது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்னும் ஒன்று. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய சம்மேத சிகரம், ஜார்க்கண்ட் மாநிலத்துப் பாரசநாத மலை. அங்கே சுற்றுலாவை வளர்க்கும் ஏற்பாட்டை எதிர்த்து 2022 இறுதியில் நாடெங்கும் சமணர் குரலெழுப்பினர். 2023 சனவரி 5ஆம் நாள் நடுவண் அரசு அதனை நிறுத்தி வைத்தது. இரைச்சலான இசைக்கும், மதுவுக்கும், இசைவின்றிக் கூடாரமடித்தலுக்கும் மலையேற்றத்துக்கும் அங்குள்ள தடையைக் கண்டிப்புடன் செயற்படுத்துமாறும் பணித்தது. நாம் மகிழ்ந்தோம். அதே மலையைச் சந்தால் பழங்குடியினரும் மராங் புரு எனப் போற்றி வணங்குகின்றனர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். நம் மலையில் பிறர் அடக்கத்துடன் நடத்தல் வேண்டும் என்று கேட்ட நாம், பிறர் வாழும் மலையில் எங்ஙனம் நடக்கின்றோம்? லடாக்கின் கணவாயில் பௌத்தர் கட்டிய கொடிகளின் அருகே ஆரவாரம் செய்துவிட்டு, சம்மேத சிகரத்தில் அமைதி வேண்டுதல் நேர்மையாகாது. யாரும் வணங்காத மலையிலும் உயிர்கள் குடியிருக்கின்றன; அவற்றுக்காக அரசிடம் முறையிடுவார் இலர்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது, பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. எல்லை வகுக்கக் கற்பியுங்கள் என்பதே. பிள்ளைகளுக்குக் கூறுவது, உங்கள் பயணத்தைத் தவம் என்று அழைக்க வேண்டா. அதனை நல்லொழுக்கத்துக்குரிய பயிற்சியாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்பது. இமயத்துக்குப் புறப்படுமுன் ஒருமுறை புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்கு மிதிவண்டியில் செல்லுங்கள். வண்டியை அடிவாரத்தில் நிறுத்தி, குன்றின் மேல் அடி பார்த்து நடந்து ஏறுங்கள். கற்படுக்கைகளை வணங்கி, அவற்றின் மேல் படுக்காமலும் பெயர் கீறாமலும், வெளிச்சம் உள்ளபோதே இறங்கி வாருங்கள். இவ்வளவு சிறிய குன்றில் இவ்வொழுக்கம் கைகூடுமாயின், பெரிய மலைகளிலும் அது உங்களைக் கைவிடாது.